கடனட்டையும் கடைக்காரரும்: வத்தளை வீதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை களனி கங்கையைக் கடந்து பேலியகொடையைத் தாண்டியதும் வத்தளையை அடைகின்றது. அங்கிருந்து ஹெந்தளைச் சந்தி, மாபோளை எனத் தொடரும் அவ்வீதியின் இருமருங்கும் பலசரக்குக் கடைகளும் புடைவைக் கடைகளும் மருந்தகங்களும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கின்றன. இக்கடைகளுட் பலவற்றின் காசு மேசையில் மூன்று பொருள்களை இன்று ஒருங்கே காணலாம். ஒன்று, மூலை மடிந்த கடன் கொப்பி. மற்றையது, வங்கியொன்று வழங்கிய அட்டை இயந்திரம். மூன்றாவது, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிடப்பட்ட கியூஆர் பலகை. இம்மூன்றும் வெவ்வேறு காலங்களுக்கு உரியவை. எனினும் மூன்றும் ஒரே வினாவுக்கு விடை காண எழுந்தவை. பொருளை வாங்கியவர் பணம் செலுத்தத் தவறினாலோ, அவர் தம்மை யாரெனக் கூறினாரோ அவர் அல்லாதவராக இருந்தாலோ, நட்டம் யாரைச் சாரும் என்பதே அவ்வினாவாகும்.

அட்டை வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே கொழும்பு வணிகர் இவ்வினாவை எதிர்கொண்டிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பிய வங்கிகள் கொழும்புக் கோட்டையில் நிலைகொண்டபோது, பெருந்தோட்டங்களுக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் கடன் வழங்குவதே அவற்றின் முதன்மைத் தொழிலாயிருந்தது. சென்னை வங்கி 1867இல் கொழும்பிற் கிளையொன்றைத் திறந்தது. புறக்கோட்டையிலே கடை வைத்திருந்த உள்ளூர் வணிகனை இவ்வங்கிகள் நேரடியாக அறிந்திருக்கவில்லை. அவனை அறிந்திருந்தவர் செட்டியார் தெருவில் வாழ்ந்த நாட்டுக்கோட்டைச் செட்டியாரே. வங்கிகளிலே உத்தரவாதச் சிறாப் எனப்பட்ட அலுவலர் ஒருவர் இருந்தார். இன்னவருக்கு இவ்வளவு தொகை கொடுக்கலாம் என்று வங்கிக்கு உரைப்பவர் அவர். கடன் திரும்பாவிடின் அதற்குப் பொறுப்பேற்பவரும் அவரே. வங்கிக்கும் கடைத்தெருவுக்கும் இடையே ஒரு மனிதரே இணைப்பாக நின்றார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1925ஆம் ஆண்டின் செட்டியார் நெருக்கடியின் பின்னர் வங்கிகள் இவ்வழியாக வழங்கிய கடனைச் சுருக்கிக்கொண்டன. உள்ளூர் வணிகரின் இடர்ப்பாடு அரசியற் பிரச்சினையாயிற்று. சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையில் அமைந்த இலங்கை வங்கி ஆணைக்குழு 1934இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது.

வங்கியின் நிலை இவ்வாறிருக்க, சில்லறைக் கடையிலே கொப்பியே ஆட்சி செய்தது. மாதச் சம்பளம் பெறுவோர் மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, தேங்காயெண்ணெய் முதலானவற்றைக் கணக்கில் வாங்கிச் சம்பள நாளிலே தீர்ப்பர். இம்முறையிற் பாதுகாப்பு என்பது முகத்தை அறிந்திருப்பதே. எந்த வீட்டுப் பிள்ளை, தகப்பனார் எங்கே வேலை செய்கிறார், போன மாதக் கணக்குத் தீர்ந்ததா என்பன கடைக்காரரின் நினைவிலே பதிந்திருக்கும். நட்டம் முழுவதும் அவரையே சார்ந்தது. ஆயினும் யாருக்குக் கொடுப்பது என்ற தீர்மானமும் அவரிடமே இருந்தது. இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமை இம்முறையின் சிறப்பு எனலாம்.

அதன் பலவீனம் 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிப்பட்டது. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டபோது சரக்கோடு கணக்குக் கொப்பிகளும் எரிந்தன. எரிந்த சரக்குக்கு மொத்த வியாபாரியின் பற்றுச்சீட்டேனும் வேறோரிடத்தில் இருந்திருக்கக்கூடும். வாடிக்கையாளர் தரவேண்டிய கடனுக்குக் கொப்பியைத் தவிர வேறு சான்று இல்லை. கடையின் நினைவு கடைக்குள்ளேயே இருந்தமையால் கடையோடு அதுவும் அழிந்தது. அட்டை முறையின் வரலாற்றை எழுதுவோர் அதனை வசதியின் வரலாறாகவே எழுதுகின்றனர். கணக்கு கடைக்கு வெளியே, எரியாத ஓரிடத்தில் இருப்பது வசதியினும் மேலான ஒன்றாகச் சிலருக்குத் தோன்றியிருக்கும் என்பதை அவ்வரலாறுகள் கூறுவதில்லை.

அட்டை பிறந்த இடம் அமெரிக்கா. 1950இல் டைனர்ஸ் கிளப் அட்டை நியூயோர்க் உணவகங்களிற் புழக்கத்துக்கு வந்தது. 1958 செப்ரெம்பரிலே பாங்க் ஒவ் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு அவர்கள் கேளாமலே அட்டைகளை அஞ்சலில் அனுப்பிவைத்தது. கடன் செலுத்தத் தவறுவோர் 4 வீதமாக இருப்பர் என எதிர்பார்த்த வங்கி, 22 வீதமானோர் தவறியதைக் கண்டு திகைத்தது. ஆயினும் முறை நிலைத்தது. அவ்வட்டையே 1976இல் விசா எனப் பெயர் பெற்றது. அதற்குப் போட்டியாக வங்கிகள் சில சேர்ந்து அமைத்த வலையமைப்பு 1979இல் மாஸ்டர் கார்ட் ஆயிற்று. செட்டியார் தெருவின் சிறாப் செய்த பணியையே இவ்வலையமைப்புகளும் செய்தன. அறியாத இருவருக்கிடையே அவை உத்தரவாதம் நல்கின. வேறுபாடு ஒன்றுண்டு. சிறாப் நட்டத்தைத் தாமே ஏற்றார். வலையமைப்போ நட்டம் யாரைச் சாரும் என்பதற்கு விதிகளை வகுத்தது. அவ்விதிகள் மாறும்போதெல்லாம் கடைக்காரரும் மாற வேண்டியவரானார்.

இலங்கையில் 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையும் உல்லாசப் பயணத்துறையின் வளர்ச்சியும் அட்டைக்கு வழி வகுத்தன. வெளிநாட்டவரை நம்பிய ஹோட்டல்களும் மாணிக்கக்கற் கடைகளும் அதனை முற்பட ஏற்றன. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் செல்லும் வீதியில் அமைந்தமையாலும், ஹெந்தளைக் கடற்கரையிலே பெகசஸ் ரீஃப் ஹோட்டல் இருந்தமையாலும் வத்தளைக்கு இவ்வட்டை முற்றிலும் அந்நியமானதன்று. உள்நாட்டு வங்கிகள் தம் வாடிக்கையாளருக்கு அட்டை வழங்கத் தலைப்பட்ட பின்னரே அது நகைக்கடைக்கும் புடைவைக் கடைக்கும் வந்தது. 1983இல் ஸ்டேபிள்ஸ் வீதியிலே கார்கில்ஸ் நிறுவனம் முதலாவது பேரங்காடியைத் திறந்தது. வாங்குபவர் தாமே கூடையில் எடுத்து வாயிலிலே பணம் செலுத்தும் அவ்வகைக் கடையில் கொப்பிக்கு இடமில்லை. அட்டைக்கு இடமிருந்தது.

அக்காலத்து அட்டை வியாபாரம் எவ்வாறு நடைபெற்றது என்பதை இன்றைய மாணவர் அறிந்திருக்க நியாயமில்லை. அட்டையின் முகத்திலே இலக்கங்களும் பெயரும் புடைப்பாக அமைந்திருக்கும். கடைக்காரர் அதனை இரும்புத் தட்டொன்றில் வைத்து, மேலே கரித்தாள் இடையிட்ட பற்றுச்சீட்டை வைத்து, உருளையை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் இழுப்பார். எழுத்துக்கள் சீட்டிற் பதியும். வாங்குபவர் கையொப்பமிடுவார். அட்டையின் பின்புறக் கையொப்பத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பது கடைக்காரரின் கடமை. வங்கி அனுப்பும் தடைசெய்யப்பட்ட அட்டைகளின் பட்டியலையும் அவர் புரட்டிப் பார்த்தல் வேண்டும். தொகை குறித்த எல்லையைத் தாண்டின் வங்கியைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி இலக்கம் பெறுதல் வேண்டும். இவற்றுள் ஒன்றைத் தவறவிட்டாலும் பின்னர் அப்பணத்தை வங்கி திருப்பி எடுத்துக்கொள்ள விதி இடமளித்தது. சிலநாட் கழித்துப் பணம் வரும். சில மாதங் கழித்து அது போகவுங் கூடும்.

தொலைபேசியே இங்கு பெருந்தடை. 1980களில் இலங்கையிலே புதிய தொலைபேசி இணைப்பொன்றுக்கு விண்ணப்பித்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். இணைப்பில்லாத கடைக்கு அட்டையும் இல்லை. எனவே அட்டையின் பரவலை வங்கிகளின் கொள்கையைக் கொண்டு மாத்திரம் விளக்குதல் பொருந்தாது. அரச திணைக்களமாயிருந்த தொலைத்தொடர்பு 1991இற் கூட்டுத்தாபனமானதும், 1996இற் கம்பி இணைப்பற்ற தொலைபேசிச் சேவைக்குச் சன்டெல், லங்கா பெல் என்னும் நிறுவனங்கள் உரிமம் பெற்றதுமே வத்தளை போன்ற நகர்ப்புறச் சந்திகளுக்கு மின்னியல் அட்டை இயந்திரம் வருவதற்கான நிலத்தைப் பண்படுத்தின. இயந்திரம் அட்டையின் காந்தப் பட்டையைப் படித்து, தொலைபேசி வழியே வங்கியை அழைத்து, அனுமதியைத் தானே பெற்றுத் தந்தது. தடைப் பட்டியலும் கரித்தாளும் மறைந்தன. கையொப்பம் மட்டும் எஞ்சியது.

கையொப்பம் பற்றி ஒரு சொல். தமிழிற் கையொப்பமிடுவோர் பலர். தமிழ் அறியாத காசாளருக்கு அது ஒரு கோலமே. கோலத்தைக் கோலத்தோடு ஒப்பிட்டு அவர் தலையசைத்தார். பெயரின் நிலையும் அத்தகையதே. காந்தப் பட்டையின் முதலாவது தடத்திலே பெயருக்கு 26 எழுத்துக்களே இடமுண்டு. அத்தடத்தை வகுத்தது விமானப் போக்குவரத்துச் சங்கம் ஆதலின், ஐரோப்பியப் பயணியின் பெயரே அதற்கு அளவுகோலாயிற்று. தந்தை பெயரையும் தம் பெயரையும் சேர்த்தெழுதும் தமிழர் அட்டையிற் குறுகினர், அடையாள அட்டையில் நீண்டனர். இரண்டும் ஒருவரே என நிறுவக் காசாளர் தேசிய அடையாள அட்டையைக் கேட்பதுண்டு. போர்க்காலத்திலே, வீதிச் சோதனைச் சாவடியில் அதே அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வந்த ஒருவருக்கு, புடைவைக் கடை மேசையிலும் அதனை நீட்டுவது வெறும் வணிக நடைமுறையாகத் தோன்றியிருக்குமா என்பது ஐயம். பாதுகாப்பு நுட்பத்தின் வரலாற்றிலே இத்தகைய கணங்களுக்கும் இடமுண்டு.

காந்தப் பட்டையின் குறை அதன் இயல்பிலேயே அமைந்தது. அதிற் பதிந்த செய்தி மாறாதது. மாறாத செய்தியைப் படிக்க வல்லவன் படியெடுக்கவும் வல்லவனாவான். அட்டையை மேசைக்குக் கீழே இன்னொரு சிறு கருவியில் ஒரு முறை இழுத்தெடுத்தாற் போதும், வேறொரு நாட்டில் அதன் இரட்டை பிறந்துவிடும். இம்மோசடி உலகெங்கும் பரவியபோது கடைக்காரர் இருவகையிற் பாதிக்கப்பட்டார். பொய்யட்டைக்குப் பொருள் கொடுத்து ஏமாந்தவரும் அவரே. தம் ஊழியரே அட்டையைப் படியெடுத்தாரோ என்ற சந்தேகத்துக்கு ஆளானவரும் அவரே. இலங்கைப் பாராளுமன்றம் 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டத்தையும், 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதனங்கள் மோசடிகள் பற்றிய சட்டத்தையும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தையும் அடுத்தடுத்து நிறைவேற்றியமை பிரச்சினையின் வேகத்தைக் காட்டும்.

இக்காலத்திலேயே கடனட்டை என்ற பெயர் இந்நாட்டில் வேறொரு வகையிற் களங்கமுற்றது. கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி 2008 டிசம்பரில் வீழ்ந்தது. வைப்புப் பெற உரிமமில்லாத அந்நிறுவனத்தில் ஏறத்தாழ 9,000 பேர், ஏறக்குறைய 26 பில்லியன் ரூபாவை வைப்பிலிட்டிருந்தனர். அட்டையின் நுட்பத்துக்கும் இவ்வீழ்ச்சிக்கும் தொடர்பில்லை. அட்டை வழங்குபவர் யார், அவரைக் கண்காணிப்பவர் யார் என்ற கேள்வியை அது எழுப்பியது. கொடுப்பனவு அட்டைச் சேவை வழங்குவோர் மத்திய வங்கியின் உரிமம் பெறவேண்டும் என்னும் ஒழுங்குவிதிகள் 2009இல் வெளிவந்தன.

காந்தப் பட்டையின் குறைக்கு மாற்றாக வந்தது சில்லு. பிரான்சு நாட்டவரான ரோலண்ட் மொரேனோ 1974இல் அதற்கு அடிகோலினார். 1992 அளவிற் பிரெஞ்சு வங்கி அட்டைகள் யாவும் சில்லுடையனவாயின. யூரோபே, மாஸ்டர் கார்ட், விசா ஆகிய மூன்றும் 1990களின் நடுப்பகுதியில் வகுத்த பொது நியமம், அம்மூன்றின் முதலெழுத்துக்களால் ஈஎம்வி எனப் பெயர் பெற்றது. சில்லு ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் புதிய மறைகுறியொன்றைக் கணித்துத் தருவதால், ஒருமுறை கேட்ட விடையைக் களவாடியவனுக்கு மறுமுறை அது பயன்படாது. இந்நுட்பம் உலகிற் பரவியது அதன் சிறப்பினால் மாத்திரம் எனக் கொள்ளுதல் தவறு. பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டு ஜனவரி முதல் சில்லு இயந்திரம் இல்லாத கடையில் நேரும் பொய்யட்டை நட்டம் வங்கியிடமிருந்து கடையின் பக்கம் மாற்றப்பட்டது. அமெரிக்காவில் இவ்விதி 2015 ஒக்ரோபரிலேயே நடைமுறைக்கு வந்தது. விதி வந்த பின்னரே கடைகள் விரைந்தன. ஆசையினால் மாறிய கடைக்காரர் சிலர், நட்டத்துக்கு அஞ்சி மாறியவர் பலர்.

சில்லும் குறையற்றதன்று. 2006 மே மாதத்தில் ஷெல் நிறுவனம் பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட மோசடியின் பின் பிரித்தானியாவிலுள்ள தன் 600 எரிபொருள் நிலையங்களிற் சில்லு முறையைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. பழுதுபட்டது சில்லு அன்று, இலக்கத்தை அழுத்தும் இயந்திரமே. கடையில் தங்கும் தரவும் ஆபத்தாயிற்று. 2013இன் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விபரங்கள் திருடப்பட்டன. அட்டை விபரத்தைக் கடைகள் எவ்வாறு காக்கவேண்டும் என்று அட்டை வலையமைப்புகள் 2004இலேயே கூட்டாக நியமம் வகுத்திருந்தும் இது நிகழ்ந்தது. கணினிப் பிரிவு வைத்திருக்கும் பேரங்காடி இந்நியமங்களைப் படித்து நிறைவேற்றலாம். ஹெந்தளைச் சந்தியின் சிறுகடைக்கு அது இயலாது. அட்டையின் தரவைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாதிருப்பதே அவருக்குள்ள காப்பு. வங்கிக்குச் சொந்தமான இயந்திரம், வங்கி அனுப்பும் திருத்தம், வங்கி மாற்றித்தரும் புதிய இயந்திரம் என அவர் வங்கியின் நிழலில் நின்றார். பாதுகாப்புக் கூடியது. கொப்பிக் காலத்தில் அவரிடமிருந்த தீர்மானம் அவரை விட்டு அகன்றது.

இதற்கு அவர் செலுத்தும் விலை தரகு. விற்பனைத் தொகையில் ஒரு பங்கை வங்கி கழித்துக்கொண்டே மிகுதியைக் கணக்கிலிடுகின்றது. நகைக்கடைக்கும் புடைவைக் கடைக்கும் இக்கழிவு தாங்கக்கூடியது. சீனி, அரிசி, பால்மா என்பவற்றிலே ஓரிரு ரூபா இலாபம் காணும் பலசரக்குக் கடைக்கு அதே கழிவு இலாபத்தையே விழுங்கும். ஆகவே அட்டைக்கு மேலதிகமாக இரண்டு மூன்று வீதம் அறவிடும் வழக்கம் கடைகளிற் பரவியது. அட்டை கொடுப்போரிடம் மேலதிகக் கட்டணம் அறவிடுவது வங்கியோடு செய்த உடன்படிக்கையை மீறுவது என மத்திய வங்கி பொதுமக்களுக்கு அறிவித்துள்ளது. சட்டத்தின்படி அது சரியே. ஆயினும் மீறுபவர் எல்லோரையும் பேராசைக்காரர் என ஒதுக்கிவிடுதல் வரலாற்று நோக்கன்று. ஒரு வலையமைப்பின் செலவை யார் சுமப்பது என்ற விவாதம் அவ்விரண்டு வீதத்துக்குள் அடங்கியுள்ளது. பணம் கொடுத்து வாங்குபவரும் விலையில் மறைந்த அத்தரகின் ஒரு பகுதியைச் சுமக்கின்றார் என்பதையும் மறத்தலாகாது.

தரகின் பெரும்பகுதி கடல் கடந்த வலையமைப்புகளின் விதிகளால் நிர்ணயிக்கப்படுவது உள்நாட்டு வலையமைப்பொன்றின் தேவையை உணர்த்தியது. மத்திய வங்கியும் வர்த்தக வங்கிகளும் உரிமை கொண்ட லங்கா கிளியர் நிறுவனம் 2002இற் காசோலைத் தீர்ப்பனவைப் பொறுப்பேற்றது. 2006இற் காசோலையின் பிம்பத்தைக் கொண்டே தீர்க்கும் முறையை அது புகுத்தியது. 2013இல் லங்கா பே என்னும் பெயரிலே வங்கிகளின் தன்னியக்கக் கூற்றுப் பொறிகளை இணைத்தது. 2015இல் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு உடனடியாகப் பணம் மாற்றும் வழி திறந்தது. கியூஆர் குறிக்கான தேசிய நியமத்தை மத்திய வங்கி 2018இல் வகுத்தது. ஜப்பானியத் தொழிற்சாலையொன்றிலே வாகன உதிரிப்பாகங்களை இனங்காண 1994இல் ஆக்கப்பட்ட அக்குறி, கால் நூற்றாண்டின் பின் வத்தளை மரக்கறிக் கடையின் தராசருகே வந்தமர்ந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு பிறந்தபோது காசைத் தொட அஞ்சிய மக்கள் இம்முறையை நாடினர். அவ்வாண்டே மத்திய வங்கி நாடளாவிய பிரசாரமொன்றைத் தொடங்கியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு, மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அச்சிட்ட பலகைக்கு மின்சாரம் வேண்டியதில்லை. தொலைபேசிக்கும் அலைக்கோபுரத்துக்கும் அது வேண்டும். அந்நாட்களில் கொப்பியும் காசும் மீண்டும் மேசையின் நடுவுக்கு வந்தன. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியப் பயணிகள் தம் நாட்டு யூபிஐ முறையாலேயே இலங்கைக் கடைகளின் குறியை வருடிப் பணம் செலுத்தலாம் என்றாயிற்று. சென்னையிலிருந்து வருபவர் செட்டியார் தெருவிலே அவ்வாறு செலுத்தும்போது, உண்டியல் எழுதி அனுப்பிய பழைய பாதையிலே பணம் மீண்டும் செல்கின்றது, திசை மாத்திரம் அன்றுபோல் இன்றில்லை.

புதிய முறை புதிய மோசடியையும் உடன் கொணர்ந்தது. பணம் அனுப்பியதாகக் காட்டும் திரையின் படம் ஒன்றைப் போலியாக ஆக்கிக் காசாளரிடம் நீட்டுதல் எளிது. வரிசை நீளும் மாலை வேளையில் அவர் அதை நம்பிப் பொதியைக் கொடுத்துவிடக்கூடும். இந்நட்டத்துக்கு வலையமைப்பின் விதியெதிலும் இடமில்லை. பணமே அனுப்பப்படாததால் திருப்பிக் கேட்பதற்கும் எவருமில்லை. இந்தியாவில் 2019 முதல், பணம் வந்ததை உரத்துக் கூறும் சிறு ஒலிப்பெட்டிகள் கடைகளில் வைக்கப்படுகின்றன. இங்கே கடைக்காரர், வாங்குபவரின் திரையைப் பாராது, தம் தொலைபேசிக்கு வங்கியின் குறுஞ்செய்தி வரும்வரை பொதியில் ஒரு கை வைத்தபடி நிற்கின்றார். செய்தி தாமதமானால், வந்தவர் தெரிந்த முகமாயிருப்பின், மேசை லாச்சியை இழுத்துக் கொப்பியை எடுத்துப் பெயரையும் தொகையையும் குறித்துக்கொள்கின்றார்.